வெளி வரிசையில் நான்கு ஜாக்கி

மணவாள நகருக்கு வந்து ரோஜா வீடு எது என்று கேட்டால் மூன்று ரோஜாக்களைக் காட்டுவார்கள். ஜாக்கிக்காரம்மா வீடு என்று கேட்டால் வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். வீட்டை ஒட்டிய காலி மனையில் இருநூற்று நாற்பது இரும்பு ஜாக்கிகள் அடுக்கிக் கிடக்கும். டயர் மாற்ற வண்டியைத் தூக்குகிற ஜாக்கி அல்ல இது. தளம் போடும்போது ஈரக் கான்கிரீட்டைக் கீழே நின்று தாங்குகிற குழாய்க் கால். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். வேண்டிய உயரத்துக்கு இழுத்து, ஓட்டையில் ஓர் இரும்பு ஊசியைச் செருகி நிறுத்துவார்கள். கடைசி அரை அங்குலத்தை ஏற்றவும் இறக்கவும் நடுவில் ஒரு மரை.

ரோஜாவுக்கு நாற்பத்திரண்டு வயது. தளத்துக்குத் தகடும் முட்டும் அமைக்கிற, ஏழு பேர் கொண்ட சென்ட்ரிங் குழுவின் மேஸ்திரி. இந்த வட்டாரத்தில் வேறு பெண் மேஸ்திரி உண்டா என்று யாராவது கேட்டால், "இருந்தா சொல்லுங்க, ரெண்டு ஊட்டு வேலையைத் தள்ளி உடலாம்" என்பாள்.

திருப்பாச்சூருக்கு அடுத்த கிராமத்தில் நெல் பயிரிடும் குடும்பம் அவளுடையது. கட்டிக்கொண்டது டிரெய்லர் ஓட்டும் ரங்கசாமியை. கும்மிடிப்பூண்டியில் இரும்புச் சரக்கு ஏற்றித் துறைமுகத்தில் இறக்கிவிட்டு வருகிற வேலை அவனுக்கு. கல்யாணமான இரண்டாம் வருஷம் ரோஜா காக்களூரில் ஒரு கம்பெனிக் கட்டடத்துக்குச் சித்தாளாகப் போனாள். தளம் போடுகிற அன்று கான்கிரீட் சட்டியை வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், கீழே ஒரு ஜாக்கியின் பாதம் ஈர மண்ணில் புதைவதைப் பார்த்தாள். மேலே கான்கிரீட்டை ஏந்திய தகடு இரண்டு விரல் தொய்ந்திருந்தது. அங்கிருந்த மேஸ்திரி ஒரு செங்கல்லை வைத்தார். செங்கல் உடைந்தது. ரோஜா சட்டியைக் கீழே போட்டுவிட்டு ஒரு பலகையை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பலகை போட வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்றால் டிரெய்லரால்தான். இழுக்கிற முன்வண்டி கழன்று போனதும், சரக்கோடு பின்வண்டி இரண்டு இரும்புக் கால்களில் நிற்கும். கால்களை இறக்குமுன் ரங்கசாமி கீழே பலகை போடுவதை அவள் பலமுறை பார்த்திருந்தாள். போடாவிட்டால் வெயிலில் இளகிய தாரில் கால் இறங்கி, முழுச் சரக்கும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

அன்றிலிருந்து அவளுக்கு எங்கே பார்த்தாலும் முட்டுதான் கண்ணில் பட்டது. பைக்கின் சைடு ஸ்டாண்டு ஒரு முட்டு. சாய்ந்த மின்கம்பத்துக்குக் கொடுத்திருக்கும் சாய்கால் ஒரு முட்டு. பஸ் சக்கரத்துக்கு மேலே நிற்கிற ஷாக் அப்சார்பரும் ஒருவகையில் முட்டுதான். பள்ளத்தில் அமுங்கி மேட்டில் எழுந்திருக்க அதற்கு அனுமதி உண்டு. கட்டடத்து முட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. மேலேயிருந்து ஒரு தள்ளு, கீழேயிருந்து ஒரு தள்ளு, நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். பாரம் தாங்காமல் அது நொறுங்குவது அபூர்வம். பக்கவாட்டில் வில்லாக வளைந்துதான் படுத்துவிடும். குட்டையாக இருந்தால் வளையாது. நீளமாக, ஒல்லியாக இருந்தால் வளையும். வீட்டுக்காரர்கள் நம்பாமல் பார்த்தால் ரோஜா ஐஸ் குச்சி ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திக் காட்டுவாள். முழுக் குச்சி வளையும். பாதியாக உடைத்தால் எவ்வளவு அழுத்தினாலும் விரல்தான் வலிக்கும். முழுக் குச்சியே ஆனாலும் நடுவில் ஒருவர் பிடித்துக்கொண்டால் வளையாது. உயரமான ஜாக்கிகளுக்கு இடுப்பளவில் குறுக்குக் கழி வைத்துக் கட்டுவது அந்தப் பிடிக்காகத்தான்.

போர்ட்டிகோ என்றால் அவள் இன்னும் கறாராகிவிடுவாள். ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடிப்பு, மறுபக்கம் அந்தரம். நீட்டிய கையில் வாளியைத் தொங்கவிட்டால் தோளுக்கு மேல்பக்கம்தான் இழுபடும். அதனால் அந்தத் தளத்தில் கம்பியெல்லாம் மேல்பக்கமாகவே கிடக்கும். அடியில் ஒன்றும் இருக்காது. இருபத்தோரு நாள் முட்டுகளை எடுக்கக்கூடாது என்பது அவள் வைத்த முதல் சட்டம். எடுக்கும்போது வெளி ஓரத்து வரிசையை முதலிலும் சுவரோரத்து வரிசையைக் கடைசியிலும் இறக்க வேண்டும் என்பது இரண்டாவது. மாற்றிச் செய்து, வெளி ஓரத்தை மட்டும் தாங்கிக்கொண்டு உள்ளே காலியாக விட்டால், இழுவை அடிப்பக்கத்துக்கு வந்துவிடும். கம்பி இல்லாத பக்கத்துக்கு.

இந்த இரண்டு சட்டத்தையும் அவளைவிட நன்றாகத் தெரிந்தவன் ஹேமநாத். பன்னிரண்டு வருஷமாக அவளிடம் தலையாள். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவன். அவளை அக்கா என்பான், அவள் ஹேமு என்பாள். அவனுக்குப் பெண் பார்க்கப் போனதும் ரோஜாதான், பெண் வீட்டார் என்ன வேலை என்று கேட்டபோது பாதி மேஸ்திரி என்று பதில் சொன்னதும் ரோஜாதான். முட்டுக் கொடுக்கிற அன்று அவள் நிற்பாள். பிரிக்கிற அன்று போகமாட்டாள். ஹேமு இருக்கிறான் என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள். மற்ற மேஸ்திரிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். போட்டவர்தான் பிரிக்கிற இடத்திலும் நிற்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் எழுதாத வழக்கம். ரோஜா அந்த ஒரு வழக்கத்தை மட்டும் விட்டிருந்தாள்.

அவளுடைய வேலையில் முக்கால்வாசி வருவது இன்ஜினியர் வசந்தகுமார் மூலம். எட்டு வருஷப் பழக்கம். கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர்கள் தங்க மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று கட்டப் போகிறேன், சென்ட்ரிங் உங்களுக்குத்தான் ரோஜாம்மா என்று ஆடி மாதமே சொல்லியிருந்தார். ஐப்பசியில் கேட்டபோது வரைபடம் இன்னும் கைக்கு வரவில்லை என்றார். மார்கழியிலும் அதையே சொன்னார். வரைபடம் வருகிறபோது வரட்டும் என்று ரோஜாவும் விட்டுவிட்டாள்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மணவாள நகரிலேயே அருணா டீச்சர் கட்டுகிற வீட்டுக்குப் போர்ட்டிகோ தளம் போட்டார்கள். இன்ஜினியர் வசந்தகுமார், முட்டு ரோஜா. ஏழடி நீட்டம். வரிசைக்கு நான்காக மூன்று வரிசை, பன்னிரண்டு ஜாக்கி. பதினாறாம் நாள் ஞாயிறு. அன்று ரோஜாவின் தங்கை குழந்தைக்குத் திருப்பாச்சூர் கோயிலில் காதுகுத்து. திங்கட்கிழமை காலை ஸ்கூட்டரில் அந்தத் தெரு வழியாகப் போனவள் வேகத்தைக் குறைத்துத் தலையைத் திருப்பினாள். வெளி வரிசையில் நான்கு ஜாக்கியும் நின்றன. ஓரத்துத் தகடும் இருந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. எல்லாம் இருக்கிறது என்று போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அருணா டீச்சர் போன் செய்தார். இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டிலிருந்து தினமும் வந்து, தளத்தின்மேல் பாத்தி கட்டிய தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவர் அவர். அன்று போர்ட்டிகோவின் கீழே தரையில் ஒரு கோடு கிழித்தது போல ஈரம் இருந்ததாம். அண்ணாந்து பார்த்தால் தளத்தின் அடியில், நட்ட நடுவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வெடிப்பு. கீழே ஜாக்கியும் குறைவாக இருக்கிறதே என்று கேட்டார்.

ரோஜா போய்ச் சேர்ந்தபோது வசந்தகுமாரின் கார் ஏற்கனவே நின்றது. ஹேமநாத்தும் நின்றான். பக்கத்து வீட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் வெளிச்சுவர் ஓரம் கூடியிருந்தார்கள். ரோஜா யாரிடமும் பேசாமல் உள்ளே பார்த்தாள். நடு வரிசை இல்லை. சுவரோர வரிசை இல்லை. அங்கிருந்த தகடுகளும் இல்லை. வெளி வரிசை நான்கு மட்டும் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

வசந்தகுமார் குரல் உயர்த்துகிறவர் அல்ல. நாள் ஆவதற்கு முன்பே முட்டுகளைப் பிரித்தால் தளம் இப்படித்தான் ஆகும் என்று டீச்சரிடம் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். கம்பி, கலவை எல்லாம் தம் பொறுப்பு, அதில் குறை இல்லை. இதை இடித்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். ரோஜாவின் பக்கம் திரும்பி, இனிமேல் தம்முடைய எந்த வேலையிலும் அவள் பெயர் இருக்காது, வேறு இன்ஜினியர்கள் கேட்டாலும் இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கும் என்றார்.

"நான் பிரிக்கச் சொல்லலியே சார்" என்றாள் ரோஜா.

வசந்தகுமார் ஹேமநாத்தைப் பார்த்தார். அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

"அக்காதான் சொல்லிச்சு சார். ரெண்டு வரிசையை எடுத்துடு, வேற ஊட்டுக்கு வேணும்னு சொல்லிச்சு. நான் இன்னா பண்றது, சொன்னதைச் செஞ்சேன்."

ரோஜா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. அவன் இன்னொரு முறை நிமிர்ந்தால் போதும், கண்ணைப் பார்த்துக் கேட்டுவிடலாம். அவன் நிமிரவில்லை. சுவரோரம் யாரோ, பொம்பளை மேஸ்திரின்னா இப்டித்தான், என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை.

அவள் ஏணியை எடுத்துச் சாத்தி மேலே ஏறினாள்.

சீக்கிரம் பிரித்ததால் போர்ட்டிகோ கெட்டுப்போனால் அது எங்கே வெடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். நீட்டிய கை தாங்காவிட்டால் தோளில்தான் விட்டுப்போகும். சுவரை ஒட்டி, மேல்பக்கம். பாத்தித் தண்ணீரை வழித்துவிட்டு, சேற்றைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, முட்டி போட்டுச் சுவரோரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு மயிரிழை இல்லை. தளத்தின் நடுவிலும் மேல்பக்கம் கசிவுக்கோடு ஒன்றுதான் தெரிந்தது. வாய் பிளந்திருப்பது அடியில்.

இறங்கி வந்து வெளி வரிசை ஜாக்கிகளில் ஒன்றைச் சாவியால் தட்டினாள். கோயில் மணி மாதிரி ஒலித்தது. அடுத்ததைத் தட்டினாள், அதுவும். சாதாரணமாகப் பாரம் தாங்கும் ஜாக்கி மந்தமாகத்தான் சத்தம் கொடுக்கும். இந்த நான்கையும் யாரோ முறுக்கேற்றி விட்டிருக்கிறார்கள். அவை கீழேயிருந்து மேல்நோக்கித் தளத்தின் நுனியைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் நடுவயிறு பிளந்திருக்கிறது.

அவள் வசந்தகுமாரிடம் போனாள்.

"சார், இடிக்க வேணாம். இந்த நாலையும் எறக்கினா வெடிப்பு மூடிக்கும்."

"இருக்கிற நாலையும் எடுத்தா தளமே கீழ வந்துடும் ரோஜாம்மா. சுத்தி ஜனம் நிக்குது, விளையாடாதீங்க."

"கம்பி மேல கீது சார். கம்பி போட்டது நீங்க. உங்க கம்பி மேல எனக்கு நம்பிக்கை கீது, உங்களுக்கு இல்லியா?"

சுவரோரம் சிரிப்பு எழுந்தது. வசந்தகுமார் சிரிக்கவில்லை. பொறுப்பு தம்முடையது அல்ல என்றார். என்னுடையது என்றாள் ரோஜா. வீட்டுக்காரர் டீச்சர்தான். அவர் சற்று நேரம் வெடிப்பையும் ரோஜாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எப்படியும் இடிக்கப்போகிற தளம்தானே, செய்யுங்கள் என்றார்.

ரோஜா டீச்சரின் கைப்பையிலிருந்து ஒரு கோடு போட்ட தாளை வாங்கினாள். விரல் அகலத்துக்கு ஆறு துண்டாகக் கிழித்து, ஸ்டூல்மேல் ஏறி, வெடிப்புக்குள் ஆறு இடத்தில் செருகினாள். தாள்கள் கல்யாணப் பந்தல் காகிதம்போலத் தொங்கின. ஊதினால் ஆடின, இழுத்தால் கையோடு வந்தன. டீச்சரையே ஒன்றை இழுத்துப் பார்க்கச் சொல்லி, மறுபடி செருகினாள். பிறகு எல்லாரையும் தெருவுக்கு அனுப்பிவிட்டு அவள் மட்டும் உள்ளே நின்றாள்.

முதல் ஜாக்கியின் மரை அசையவே இல்லை. கம்பியைச் செருகி உடம்பைச் சாய்த்துத் தள்ளியபிறகு கிரீச்சென்று நகர்ந்தது. கால் சுற்று. அதோடு நிறுத்திவிட்டு இரண்டாவதுக்குப் போனாள். ஒன்றை முழுதாக இறக்கினால் அதன் பாரம் அடுத்ததன் தலையில் விழும். எல்லாம் சேர்ந்து இறங்க வேண்டும். நான்குக்கும் கால் சுற்று, திரும்ப முதலிலிருந்து கால் சுற்று. தலைக்கு மேலே கான்கிரீட் ஒருமுறை முனகியது. தெருவில் ஒருவர் ஐயோ என்றார். ரோஜாவின் முதுகில் வியர்வை வழிந்தது. ரங்கசாமி இன்று துறைமுகத்தில் வரிசையில் நிற்பான், போன் அடித்தால்கூட எடுக்கமாட்டான் என்று சம்பந்தமில்லாமல் நினைத்துக்கொண்டாள்.

பதினோராவது முறையில் தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஜாக்கி நான்கும் சும்மா நின்றன. தளம் தன்னந்தனியாக நின்றது.

ரோஜா டீச்சரைக் கூப்பிட்டாள். டீச்சர் தயங்கித் தயங்கி வந்து ஒரு தாளை இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார், தாள் கிழிந்து பாதி கையில் வந்தது, மீதி வெடிப்புக்குள் கடிபட்டு நின்றது. அடுத்த தாளும் அப்படியே. கண்ணுக்குத் தெரிந்த வெடிப்பு இப்போது பென்சில் கோடு அளவுக்கு இருந்தது. வசந்தகுமாரும் உள்ளே வந்தார், அண்ணாந்து பார்த்தார். மருந்து செலுத்தி அடைத்துவிடலாம், இடிக்கத் தேவையில்லை என்று கடைசியில் டீச்சரிடம்தான் சொன்னார்.

"எத்தினி சுத்து ஏத்தின?" என்று ரோஜா ஹேமநாத்தைக் கேட்டாள். சண்டை போடுகிற குரல் இல்லை.

"ரெண்டு. ரெண்டரை இருக்கும். உள்ள ரெண்டு வரிசை போனா தொங்கிடுமோன்னு பயம்க்கா. அதான் டைட்டு பண்ணேன்."

"பயம்னா நாலையும் சேத்து எடுத்துக்கினு போயிருக்கணும். எடுத்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. இது பாட்டுக்கு நின்னிருக்கும். இத்தை இன்னாத்துக்கு உட்டுட்டுப் போன?"

அதைக் கேட்டு முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. திங்கட்கிழமை ஸ்கூட்டரில் போகிறவள் தலையைத் திருப்புவாள், நான்கு தெரிந்தால் போய்விடுவாள் என்று அவனுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்தில் அவளை அவ்வளவு படித்து வைத்திருந்தான். தளத்தை உடைத்தது அவன் எடுத்துக்கொண்டு போன எட்டு அல்ல, அவள் கண்ணுக்காக விட்டுவைத்த நான்கு.

"எட்டு ஜாக்கி எங்க ஹேமு?"

அவன் நிமிர்ந்தான். ஆனால் அவளைப் பார்க்கவில்லை. வசந்தகுமாரைப் பார்த்தான்.

வசந்தகுமார் அதற்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ரோஜாவின் கண் அந்தப் பார்வை போன வழியையே பின்தொடர்ந்து, காரின் பின்கண்ணாடிவரை போய்த் திரும்பியது. ஆடி மாதம் சொன்ன மூன்று மாடிக் குடியிருப்பு. வராத வரைபடம். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"கும்மிடிப்பூண்டியா?"

"நேத்து காங்கிரீட்டு போட்டோம்க்கா" என்றான்.

அதற்குப்பிறகு மற்றதெல்லாம் தானாகக் கொட்டியது. அக்கா என்றால் இருபத்தோரு நாள், குறுக்குக் கழி என்று நாளைக் கடத்தும், நீயே எடுத்துச் செய் என்று சார்தான் கூப்பிட்டாராம். ஐம்பது ஜாக்கி ஆந்திர எல்லையில் தடா ஊரிலிருந்து வாடகைக்கு எடுத்தானாம், எட்டு குறைந்ததாம். திருவள்ளூரில் எந்தக் கடையில் கேட்டாலும் அரைமணி நேரத்தில் ரோஜா காதுக்கு வந்துவிடும். மனையில் கைவைத்தால் எண்ணிவிடுவாள். அதனால் அவள் காதுகுத்துக்குப் போன ஞாயிறன்று, டீச்சர் வீட்டில் நின்ற அவளுடையதையே எடுத்தானாம். எட்டு எங்கிருந்து வந்தது என்று சார் கேட்கவில்லையாம். வேலை முடிந்ததும் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தானாம்.

ரோஜா டிரைவர் ஸ்டீபனுக்குப் போன் செய்து குட்டியானையைக் கொண்டுவரச் சொன்னாள். ஜாக்கி ஏற்றி இறக்கும் அந்தச் சின்ன லோடு வண்டியில் முன்சீட்டில் அவள் ஏறிக்கொண்டாள். ஹேமநாத் கேட்காமலே பின்னால் காலித் தட்டில் ஏறி உட்கார்ந்தான். பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். எட்டையும் பிடுங்கி ஏற்றிக்கொண்டு வருவது என்ற ஒரே முடிவோடு அவள் போனாள். வழியில் ஸ்டீபன் பாட்டுப் போட்டான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

தொழிற்பேட்டையின் பின்பக்கம் அந்தக் கட்டடம் நின்றது. தரைத்தளம் வண்டி நிறுத்தவாம்; பன்னிரண்டடி உயரம். மேலே நேற்றுப் போட்ட தளம் கரும்பச்சையாக ஈரம் காயாமல் கிடந்தது. ஒருவன் குழாய் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். கீழே ஜாக்கிக் காடு. தடா ஜாக்கிகள் துருப்பிடித்துச் சிவப்பாக இருந்தன. நடுவில், கழுத்தில் நீலப் பட்டை அடித்த எட்டு. ரோஜா தன் கையால் அடித்த பட்டை.

அவள் முதல் நீலப் பட்டைக்குப் பக்கத்தில் போய் மரையில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்தாள்.

நேற்றுப் போட்ட கான்கிரீட்டுக்கு இன்னும் எந்தப் பலமும் இல்லை. அது கெட்டியான கஞ்சி. மேலே தண்ணீர் அடிக்கிறவன் இருக்கிறான். கீழே, நிழலுக்காக, வடநாட்டு வேலையாட்கள் நான்கு பேர் தட்டை வைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய எட்டும் நட்ட நடுவில் நின்றன. அதில் ஒன்றை எடுத்தாலும் இவர்கள் தட்டின்மேல்தான் விழும்.

ஹேமநாத் ஓரமாக நின்று அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். எடுக்கமாட்டாள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று ரோஜா நினைத்தாள். அந்த நினைப்பு காலையில் கேட்ட பொய்யைவிட அதிகமாகச் சுட்டது.

அவள் கண்ணைச் சுருக்கி ஒரு வரிசையை நீளவாட்டில் பார்த்தாள். பன்னிரண்டடிக்கு ஜாக்கிகளை ஏறக்குறைய முழு நீளத்துக்கு இழுத்திருந்தார்கள். குறுக்குக் கழி ஒன்றுகூட இல்லை. மூன்றாவது தடா ஜாக்கி நடுவில் ஒரு விரல் அளவுக்கு வெளியே வளைந்திருந்தது. ஊசிக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பி செருகியிருந்தது.

சாப்பிடுகிறவர்களை வெளியே போகச் சொன்னாள். அவர்களுக்குத் தமிழ் புரியவில்லை. கையைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. மேலே இருந்தவனையும் இறங்கச் சொன்னாள். பிறகு சாரத்துக்காகக் குவித்திருந்த சவுக்குக் கழிகளைக் காட்டினாள்.

"தூக்கு."

ஹேமநாத் தூக்கினான். வளைந்த ஜாக்கிக்குப் பக்கத்தில் தடித்த கழி ஒன்றை நிறுத்தி, பாதத்துக்குப் பலகை போட்டு, ஆப்பு அடித்துப் பாரத்தை ஏற்றிய பிறகுதான் மற்ற வேலை. அவன் ஒரு கோடியில் கழியைப் பிடிக்க, அவள் மறு கோடியில் கயிற்றைச் சுற்றி முடிந்தாள். நீளவாட்டில் ஒன்று, குறுக்குவாட்டில் ஒன்று, மூலைக்கு மூலை சாய்வாக ஒன்று. பன்னிரண்டு வருஷமாகச் செய்த வேலை. எங்கே பிடிக்க வேண்டும், எப்போது தளர்த்த வேண்டும் என்று இருவரும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. ஸ்டீபனும் வந்து கை கொடுத்தான். முடிய மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை வசந்தகுமாரின் பெயர் அவள் போனில் மின்னியது. எடுக்கவில்லை.

கடைசி முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். ஹேமநாத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அக்கா, புள்ளைங்கோ பெருசாவுது. நானும் எத்தினி நாளைக்குப் பாதி மேஸ்திரியாவே இருக்கிறது. கேட்டா நீ உடமாட்டியோன்னு..."

"கேட்டிருந்தா முப்பது ஜாக்கி குடுத்து அனுப்பியிருப்பேன்."

அவன் அழ ஆரம்பித்தான். ரோஜா அவன் அழுது முடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

"இருபத்தோராம் நாள் நான் வந்து எறக்குவேன். அதுவரைக்கும் எத்தையும் தொடாத, மரையைக்கூட. அன்னிக்கு நீ இங்க இருக்கக்கூடாது. அதுக்கப்புறமும் என் எதிர்ல வராத."

குட்டியானை காலியாகத் திரும்பியது. கவரைப்பேட்டை தாண்டியதும் ரோஜா போனை எடுத்தாள். அடுத்த வாரம் காக்களூரில் ஒரு வீட்டுக்குத் தளம் போட நாள் குறித்திருந்தது. அதற்கு இருநூற்று நாற்பதும் வேண்டும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, எட்டு குறைகிறது, இருபது நாள் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். குறைந்த எட்டு ஜாக்கிக்காக எதற்கு நிறுத்த வேண்டும், வெளியில் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றார் அவர். யார் வைத்திருந்த ஜாக்கி என்று தெரியாமல் தன் தளத்துக்குக் கீழே நிறுத்தமாட்டேன் என்றாள்.

அவர் சரி என்றார். போனை வைக்குமுன், எட்டும் எங்கே போயிற்று, திருடு போய்விட்டதா, யார் எடுத்தது என்று அக்கறையாக விசாரித்தார்.

ரோஜா திரும்பிப் பின்னால் காலித் தட்டைப் பார்த்தாள்.

"எங்க ஆளுதான்" என்றாள்.